கோடு ஒட்டவில்லையா? முதலில் படத்தைச் சந்தேகப்படுங்கள்

என் சனிக்கிழமை வகுப்பில் கட்டடப் படத்தின்மேல் ஒரு முகத்துக்குச் சிவப்பு, மற்ற முகத்துக்குப் பச்சை என்று கோடுகள் வைத்து, அதிலிருந்து முப்பரிமாண மாடல் செய்கிறோம். அங்கே நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: “அண்ணே, பச்சை நல்லா உக்காருது. சிவப்பு மட்டும் ஓடுது.” மடிக்கணினியை வாங்கிப் பார்த்தால் பையன் கோடுகளை ஒழுங்காகத்தான் வைத்திருப்பான். தகராறு படத்தில் இருக்கும். வீட்டு விளம்பரத்திலிருந்து எடுத்த படமாகவோ, யாரோ இன்ஸ்டாகிராமுக்காக வெட்டிய படமாகவோ, நம் பினாங்கு ஜார்ஜ்டவுன் சந்துக்குள் நின்று கைப்பேசியின் 0.5 அகல லென்ஸில் எடுத்த படமாகவோ இருக்கும். அப்படிப்பட்ட படத்தோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவதை விட, வேறு படம் எடுக்கப் பத்து நிமிடம் செலவழிக்கலாம்.

கீழே உள்ளவை ஸ்கெட்ச்அப் என்ற மாடலிங் மென்பொருளின் மேட்ச் போட்டோ வசதிக்கும், பிளெண்டர் என்ற இன்னொரு மாடலிங் மென்பொருளுக்குப் போகுமுன் படத்தின் கேமராவைக் கணக்கிடப் பயன்படுத்தும் எஃப்ஸ்பைக்கும் பொருந்தும். இரண்டும் படத்திடம் மூன்று விஷயங்களை எதிர்பார்க்கின்றன: நேரான விளிம்பு படத்திலும் நேராக இருக்க வேண்டும், லென்ஸின் மையம் படத்தின் நடுவில் இருக்க வேண்டும், கட்டடத்தின் இரண்டு முகங்களும் செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். எந்த எதிர்பார்ப்பு பொய்க்கிறதோ அதற்கேற்ப அறிகுறி மாறும். உங்கள் அறிகுறியைக் கண்டுபிடித்து அங்கே போய்விடுங்கள், முழுவதும் படிக்க வேண்டாம்.

அறிகுறி: படமே காணோம், மாடல் மட்டும் நிற்கிறது

ஆர்பிட் செய்துவிட்டீர்கள், அதாவது மாடலைச் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள். ஸ்கெட்ச்அப்பில் மேலே அந்தப் படத்தின் பெயரில் இருக்கும் சீன் தாவலை ஒரு முறை அழுத்துங்கள், திரும்பி வரும். படத்தின்மேல் வரையும்போது பெரிதாக்கலாம், நகர்த்தலாம், சுற்றிப் பார்க்கக் கூடாது. இது பழுதே இல்லை, ஆனால் வாரம் ஒருவராவது இதற்காகக் கோப்பையே அழித்துவிட்டு வருகிறார்கள்.

அறிகுறி: கோடு ஒரு முனையில் ஒட்டுகிறது, மறுமுனையில் விலகுகிறது

*எந்த விளிம்பைப் பிடித்தீர்கள்?* செலவில்லாத காரணம், அதனால் முதலில் இதைப் பாருங்கள். பழைய கடைவீட்டில் கண்ணுக்கு நேராகத் தெரிவதெல்லாம் நேராக இருக்காது. அஞ்சடியின், அதாவது கடை முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையின், தரை கடைக்குக் கடை ஏறி இறங்கும். ரோடு மழைநீர் ஓடுவதற்காகச் சரிந்திருக்கும். ஓட்டுக் கூரையின் விளிம்பு நடுவில் தொய்ந்திருக்கும். பாதி திறந்த ஜன்னல் கதவின் மேல் விளிம்பைப் பிடித்தால் அது சுவரோடு இணையாகவே போகாது. மாடி ஜன்னல்களின் அடிக்கட்டை, முகப்பின் நடுவே ஓடும் சுண்ணாம்புப் பட்டை, தூண் தலைகளை இணைக்கும் உத்தரம் ஆகியவற்றைத்தான் நம்பலாம். ஒரே நிறத்தின் இரண்டு கோடுகளில் ஒன்றை முடிந்த அளவு உயரத்திலும் மற்றதைத் தாழ்விலும் வையுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சின்னப் பிசகும் பெரிதாகிவிடும்.

*லென்ஸ் வளைவு.* ஒரு ஏ4 தாளை எடுத்து அதன் நீளமான விளிம்பைத் திரையில் அந்தச் சுண்ணாம்புப் பட்டையின்மேல் வையுங்கள். இரண்டு முனையும் தொட்டு, நடுவில் பட்டை தாளுக்கு மேலே புடைத்துத் தெரிகிறதா? லென்ஸ் வளைத்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் இருக்கும் விளிம்பை வைத்துச் சோதியுங்கள், ஏனென்றால் நடுவில் வளைவு தெரியாது. கொஞ்சம்தான் என்றால் டார்க்டேபிளின் லென்ஸ் திருத்தமோ கிம்ப்பின் லென்ஸ் டிஸ்டார்ஷன் ஃபில்டரோ போதும். நிறைய என்றால் திருத்தாதீர்கள், படத்தை மாற்றுங்கள். மேட்ச் போட்டோவில் கோடுகளை இழுத்து இழுத்து இந்த வளைவைச் சரிசெய்ய முடியாது. அங்கே இருப்பது நேர்கோடு மட்டும்தான்.

*மூலை செங்கோணம்தானா?* படம் சுத்தம், விளிம்பும் சரி, ஆனாலும் ஒரு நிறம் ஒட்டினால் மற்றது ஓடுகிறது என்றால் இதுதான். மனை அமைந்த விதத்தில் மூலைக்கடைகள் பல செங்கோணத்தில் நிற்பதில்லை. செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து அந்தக் கூரையின் மூலையில் தாளின் மூலையைப் பிடித்துப் பாருங்கள். இன்னும் பிரபலமான பொறிகள் உண்டு. கொம்தார் கோபுரம் பன்னிரண்டு பக்கம் கொண்டது. கார்ன்வாலிஸ் கோட்டை நட்சத்திர வடிவம். விக்டோரியா ராணி மணிக்கூண்டு இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் லேசாகச் சாய்ந்து இன்றும் அப்படியே நிற்கிறது, அதை வைத்துச் செங்குத்தைச் சோதித்தால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள். மூன்றும் அழகானவை, மூன்றும் பயிற்சிக்கு ஆகாதவை.

அறிகுறி: முகப்பு சரி, பக்கச் சுவர் ரப்பர் போல் நீள்கிறது

முகப்பில் ஜன்னல்கள் கச்சிதமாக உட்காரும். பக்கவாட்டில் அதே அளவு ஜன்னல் ஒன்றரை மடங்கு அகலமாக வரும், அல்லது ஒடுங்கிப்போகும். மென்பொருள் கணக்கிட்ட லென்ஸும் உண்மையான லென்ஸும் வேறு என்று அர்த்தம். பெரும்பாலும் யாரோ படத்தை வெட்டியிருக்கிறார்கள்.

முதலில் படத்தின் பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4000க்கு 3000, அல்லது 4032க்கு 3024 என்று இருக்கும். 3127க்கு 1844 என்று வந்தால் அது கத்தரி பட்ட படம். சதுரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏனோ எல்லோரும் இதற்குக் குற்றம் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குமே தவிர வடிவத்தைக் கெடுக்காது. ஆனால் எந்த லென்ஸில் எடுத்தது என்ற தகவலைத் துடைத்துவிடும், அடுத்த சோதனைக்கு அது வேண்டும். அதனால் நண்பரிடம் கேட்கும்போது டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த சோதனை எஃப்ஸ்பையில். ஸ்கெட்ச்அப்காரர்களும் இதற்காக அதை இறக்கி வைத்துக்கொள்ளலாம், இலவசம்தான். கோடுகளை வைத்ததும் அது கிடைமட்டப் பார்வைக் கோணத்தைக் காட்டும். படத்தின் தகவலில் 35 மி.மீ. சமானக் குவியம் (35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் சொல்லும் லென்ஸின் குவிய நீளம்) என்ன என்று பாருங்கள். அகலவாக்கில் எடுத்த நாலுக்கு மூன்று படம் என்றால் 26 மி.மீ. கேமராவுக்கு ஏறக்குறைய 67 பாகை வர வேண்டும். 24 என்றால் 71 அல்லது 72. அல்ட்ரா வைட் 13 என்றால் 106. இரட்டை ஜூம் 52 என்றால் 37. நெடுவாக்கில் பிடித்த 26 மி.மீ. படத்துக்கு 53. இரண்டு மூன்று பாகை வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். 67 வரவேண்டிய இடத்தில் 48 வந்தால் படம் வெட்டப்பட்டது, அல்லது உங்கள் மூலை செங்கோணம் இல்லை.

வெட்டு நாலு பக்கமும் சமமாக விழுந்திருந்தால் பயமில்லை. மையம் மையத்திலேயே இருக்கும், கோணம் மட்டும் குறையும். கைப்பேசியின் டிஜிட்டல் ஜூமும், பதினாறுக்கு ஒன்பது அமைப்பும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் வெட்டியதுதான் தொல்லை. முழுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காது என்றால் அடுத்த பகுதியில் சொல்லும் வெள்ளை ஒட்டு வேலையைச் செய்யுங்கள்.

அறிகுறி: படத்தில் சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன, மாடலில் சாய்கின்றன

இது வீடு விற்கும் விளம்பரப் படங்களின் வியாதி. கட்டிடக்கலைப் பத்திரிகைப் படங்களுக்கும் உண்டு. கண்ணுக்கு அவைதான் மிக நல்ல படங்கள், தூண்கள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். அதில்தான் வில்லங்கம்.

கேமராவை நேராகப் பிடித்தால் சுவர்கள் நிமிர்ந்து விழும், அப்போது கண்மட்டக் கோடு படத்தின் சரிபாதியில் ஓடும். அண்ணாந்து பிடித்தால் கண்மட்டம் கீழே இறங்கும், சுவர்கள் மேலே கூம்பும். சுவர்களும் நிமிர்ந்து, கண்மட்டமும் கீழே இருந்தால் படத்தை அப்புறம் யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள், அல்லது தரையை வெட்டியிருக்கிறார்கள், அல்லது மையத்தை நகர்த்தும் விசேஷ லென்ஸ் வைத்திருந்தார்கள்.

கண்மட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நின்ற நிலையில் எடுத்த படம் என்றால், சம தரையில் நிற்கும் பெரியவர்களின் தலைகளைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரும் தூரத்தில் நிற்பவரும் ஏறத்தாழ ஒரே கோட்டில் தலை வைத்திருப்பார்கள், அந்தக் கோடுதான். ஆளே இல்லையென்றால் ஒரே சுவரின் இரண்டு கிடைக்கோடுகளை நீட்டி அவை சேரும் இடத்தைப் பாருங்கள்.

இப்போது பிரிந்து போகும் இரண்டு வழிகள்.

எஃப்ஸ்பை வைத்திருந்தால், பிரின்சிபல் பாயின்ட் (லென்ஸின் மையம்) என்ற இடத்தில் மேனுவல் என்று மாற்றி, அந்தப் புள்ளியைக் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். முடிந்தது.

ஸ்கெட்ச்அப் என்றால் அந்த வசதி இல்லை, அதனால் படத்தை நீட்ட வேண்டும். போன மாதம் ஒரு தங்கச்சி கொண்டுவந்த கடைவீட்டுப் படத்தையே சொல்கிறேன். உயரம் 3000 பிக்சல். அஞ்சடியில் நின்றவர்களின் தலை மேலிருந்து 2400-இல் ஓடியது. அதாவது கண்மட்டத்துக்கு மேலே 2400, கீழே 600 மட்டும். கிம்ப்பில் கேன்வாஸ் அளவைத் திறந்து அடியில் 1800 பிக்சல் வெள்ளையாகச் சேர்த்தோம். மொத்த உயரம் 4800, கண்மட்டம் நடுவில். திரும்பவும் மேட்ச் போட்டோவில் ஏற்றியபோது செங்குத்தைக் காட்டும் நீல அச்சு தூணோடு ஒட்டி நின்றது. “இவ்வளவுதானா?” என்று கேட்டாள். இவ்வளவுதான். படம் பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. நிமிர்த்தும்போது சில செயலிகள் கட்டடத்தை உயரவாக்கில் இழுத்தும் விடும். வெள்ளை ஒட்டிய பிறகும் வட்டமாக இருக்க வேண்டிய கடிகாரமோ வட்ட ஜன்னலோ முட்டை வடிவில் வந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

பழைய பினாங்கு அஞ்சலட்டைகளை வைத்து மாடல் செய்ய ஆசைப்படுபவர்களுக்கும் இதே கதைதான். அந்தக் காலத்துத் தகட்டுக் கேமராவில் முன்பலகையை உயர்த்திச் சுவரை நிமிர்த்துவார்கள், அச்சகத்தில் இன்னொரு முறை வெட்டுவார்கள். மையம் எங்கே என்று படத்தின் ஓரத்தை வைத்துச் சொல்லவே முடியாது. சுவர்கள் லேசாகக் கூம்பியிருந்தால் எஃப்ஸ்பையில் மூன்றாவது மறைபுள்ளியிலிருந்து (நிமிர்ந்த கோடுகளை நீட்டினால் அவை சேரும் புள்ளி) மையத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்திருந்தால் கண்மட்டத்தை மேனுவலாக வைப்பதே வழி.

அண்ணாந்து எடுத்த, வெட்டாத, திருத்தாத படத்தில் சுவர்கள் கூம்பினால் அது பழுதல்ல. இரண்டு மென்பொருளும் அதைச் சமாளிக்கும். அழகாக்குகிறேன் என்று நிமிர்த்தித்தான் பலர் கெடுக்கிறார்கள்.

அறிகுறி: கோட்டின் கைப்பிடியை முடியளவு நகர்த்தினால் கேமரா எங்கேயோ தாவுகிறது

முகப்பை நேருக்கு நேர் நின்று எடுத்திருக்கிறீர்கள். ஒரு திசைக் கோடுகள் ஏறக்குறைய இணையாக இருப்பதால் அவை சேரும் புள்ளி அடுத்த ஊரில் இருக்கிறது. ஒரு பிக்சல் அசைந்தால் அது மைல் கணக்கில் நகரும்.

வரிசையின் நடுவில் இருக்கும் கடைவீட்டுக்கு வேறு வழியில்லை, அதற்கு ஒரு முகம்தான் உண்டு. எஃப்ஸ்பையில் ஒரு மறைபுள்ளி முறைக்கு மாறுங்கள். அதற்குக் குவிய நீளம் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் டாக்குமெண்டாக வாங்கச் சொன்னேன். ஸ்கெட்ச்அப் என்றால் மேட்ச் போட்டோவை மறந்து, முகப்பைச் சும்மா ஒரு படமாக நிறுத்தி அதன்மேல் வரைந்துகொள்ளுங்கள்.

மூலைக்கடை என்றால் திரும்பப் போய் எதிர் மூலையிலிருந்து எடுங்கள். இரண்டு முகமும் ஏறக்குறைய சம அகலத்தில் தெரிய வேண்டும். ஒன்று மற்றதைப் போல் மூன்று பங்கு இருந்தாலே ஆட்டம் தொடங்கிவிடும்.

அறிகுறி: எல்லாம் ஒட்டுகிறது, கட்டடம் தீப்பெட்டி அளவில் இருக்கிறது

படத்துக்கு அளவு தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஸ்கெட்ச்அப்பில் டேப் கருவியால் தெரிந்த ஒரு நீளத்தை அளந்து, உண்மை அளவைத் தட்டி, மாடல் முழுவதையும் மாற்றச் சம்மதியுங்கள். எஃப்ஸ்பையில் ரெஃபரன்ஸ் டிஸ்டன்ஸ்.

எந்த நீளத்தை நம்புவது என்பதில்தான் தப்பு நடக்கும். அஞ்சடி என்று பெயர் இருப்பதால் அகலம் ஐந்தடி, அதாவது 1.52 மீட்டர் என்று வைத்து நானே ஒரு வரிசைக் கடைவீடுகளை மாடல் செய்தேன். கதவுகள் எல்லாம் குள்ளர் வீட்டுக் கதவுகளாக வந்தன. அளவுநாடாவோடு போய்ப் பார்த்தால் அந்த அஞ்சடி இரண்டு மீட்டருக்கும் மேல். பெயரில் உள்ள அடியை நம்பாதீர்கள். நாடாவைக் கொண்டுபோய் ஒரு தூணின் அகலத்தையும் இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அளந்து வந்தால் போதும். இடைவெளியை வைத்து அளவு கொடுங்கள், தூணை வைத்துச் சரிபாருங்கள். நீளமானதை வைத்து அளவு கொடுத்தால் பிசகு குறையும்.

அறிகுறி: படத்தை ஒட்டியதும் சுவரில் மோட்டார் சைக்கிள் படர்கிறது

மறைக்கும் பொருள் சுவரோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. படம் எடுக்கும்போதே தீர்க்க வேண்டிய விஷயம். லிட்டில் இந்தியாவில் கடை திறந்த பிறகு எடுத்தால் துணி தொங்கும், பூக்கடை நீளும், ஸ்பீக்கர் பெட்டி நடுவில் நிற்கும். கடைகள் கதவு திறக்கும் முன், பசியாறப் போகும் நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

உச்சி வெயில் வேண்டாம். பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை சொச்சம் வடக்கே இருப்பதால் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது அஞ்சடி முழுவதும் கரும் இருட்டு, தூணின் அடி எங்கே முடிகிறது என்றே தெரியாது. மேகமூட்டமான காலைதான் நல்லது. ஒரே படத்தில் முடியாவிட்டால் சுவரின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிப் படத்திலிருந்து ஒட்டுங்கள்.

அறிகுறி: தேடித் தேடியும் தோதான படம் இல்லை

நீங்கள் அழகான கட்டடமாகத் தேடுகிறீர்கள். முதல் ஐந்து பயிற்சிக்கு அழகு வேண்டாம், பெட்டி வேண்டும். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் போதும், அச்சில் வார்த்த மாதிரி ஒரே ஜன்னல் திரும்பத் திரும்ப வரும். தப்பு எங்கே என்று மூன்றாவது மாடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடம், தபால் நிலையம் எல்லாம் இதே ரகம். அடுத்த கட்டத்துக்கு 1903-இல் கட்டிய சிட்டி ஹால். முன்னால் பாடாங் கோத்தா லாமாவின் திடல் இருப்பதால் வேண்டிய மட்டும் பின்னால் போய் எடுக்கலாம். அலங்காரம் நிறைய, ஆனால் உடம்பு நேரானது. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்தைத்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவர்கள், அடியில் உள்ள சுவரை மட்டும் இந்த முறையில் செய்யுங்கள். சிலைகளுக்கு இது வழியல்ல.

இணையத்தில் தேடினால் விக்கிமீடியா காமன்ஸில் தெருப் பெயரை மலாயில் போட்டுப் பாருங்கள். மார்க்கெட் ஸ்திரீட்டை விட லெபோ பசார், பீச் ஸ்திரீட்டை விட லெபோ பந்தாய் என்று தேடினால் வேறு படங்கள் வரும், இரண்டையும் போடுங்கள். அங்கே பல படங்களில் கேமரா தகவல் அப்படியே இருக்கும், உரிமமும் எழுதியிருக்கும். தெருக்காட்சி வரைபடத்தின் திரைப்பிடிப்பு ஆபத்துக்கு மட்டும். பல படங்களைத் தைத்த இடத்தில் பட்டை உடைந்திருக்கும். கைப்பேசியின் பனோரமா கூடவே கூடாது.

உண்மையில் சீக்கிரமான வழி போய் எடுப்பதுதான். “சந்து சின்னது அண்ணே, 0.5 இல்லாம முடியாது” என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது மீட்டர் உயர மாடிக் கடைவீடு, 26 மி.மீ. முதன்மைக் கேமரா, சாய்க்காமல் கண் உயரத்தில். அகலவாக்கில் பிடித்தால் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நெடுவாக்கில் பிடித்தால் 11 மீட்டர் போதும். கைப்பேசியைத் திருப்பியதில் நாலு மீட்டர் மிச்சம். அதற்கும் இடமில்லையா, கொஞ்சம் அண்ணாந்து பிடியுங்கள், அப்புறம் வெட்டாதீர்கள். எதிர்க்கடையின் அஞ்சடிக்குள் பின்சுவர் வரை போங்கள். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நின்றால் ஒன்றும் சொல்லமாட்டார், நான் நின்ற ஒரு கடையில் தே தாரேக்கே கிடைத்தது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

இதெல்லாம் பயிற்சிக்கும், தோற்றம் காட்டவும். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு முகப்பில் சில அங்குலப் பிசகு இருக்கும், தொய்ந்த கூரையையும் பிதுங்கிய சுவரையும் இந்த முறை நேராக்கிப் பொய் சொல்லும். அந்த மாடலை வைத்து ஜன்னல் அடிக்கவோ, இரும்பு வெட்டவோ, நகராண்மைக்கு வரைபடம் கொடுக்கவோ நினைத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

முதலில் நாடாவும் லேசர் அளவியும் வைத்து நீங்களே அளக்கலாம், இரண்டு பேர் ஒரு நாள். முகப்பில் பூவேலை நிறைய என்றால் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து அவற்றிலிருந்து மாடல் உருவாக்கும் போட்டோகிராமெட்ரி செய்பவரைத் தேடுங்கள். வீடு 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பாரம்பரியப் பகுதிக்குள் இருந்து, உண்மையான பழுதுபார்ப்பு வேலை என்றால் கட்டிடக்கலைஞரும் லேசர் ஸ்கேன் செய்யும் அளவையாளரும் வேண்டும். போன வருடம் ஒருவர் மேட்ச் போட்டோ மாடலை ஆசாரியிடம் காட்டி ஆறு ஜன்னல் கதவு செய்ய வைத்தார். நாலு உள்ளே போகவில்லை, இரண்டுக்குப் பக்கத்தில் கை நுழையும் சந்து. அந்தக் கதவுகளில் ஒன்று இப்போது என் வகுப்பில் வெள்ளைப் பலகைக்குக் கீழே சாய்ந்து நிற்கிறது.